பேப்பர் விரித்துக் கேட்ட கச்சேரி

ராமநவமி நெருங்கினால் பெங்களூர் சாம்ராஜ்பேட்டைக்குத் தனிக் களை வந்துவிடும். கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பந்தல் எழும். மாலையானால் மார்க்கெட் பஸ் நிலையத்தில் இறங்குகிற கூட்டத்தில் பாதி அந்தப் பக்கமே நடக்கும். ஒரு மாதத்துக்கு அப்பகுதிவாசிகள் வீட்டில் ரேடியோவைத் திருப்ப வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்தால் போதும்.

1939-ல் தொடங்கிய விழா இது. தொடங்கியவர் எஸ்.வி.நாராயணசாமி ராவ். அப்போது அவர் பதின்வயதுப் பையன். பையன்கள் சேர்ந்து நடத்திய ராமநவமி பூஜை வளர்ந்து, ஸ்ரீராமசேவா மண்டலி என்ற பெயரில் நாடறிந்த சங்கீத விழாவாயிற்று. செம்பை, செம்மங்குடி, மதுரை மணி, எம்.எஸ்.சுப்புலட்சுமி, பாலமுரளிகிருஷ்ணா, ஜேசுதாஸ் என்று இங்கே பாடியவர்களின் பட்டியல் நீளமானது. இந்துஸ்தானி வித்வான் பீம்சேன் ஜோஷியும் இங்கே பாடியிருக்கிறார்.

மேடையில் பாடியவர்களைப் பற்றி எழுதியவர்கள் பலர். பந்தலுக்கு வெளியே, வேலி ஓரம், சாலையில் பேப்பரை விரித்துப் போட்டு உட்கார்ந்து கேட்டவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. உள்ளே நாற்காலிக்கு டிக்கெட் உண்டு. வெளியே சாலைக்கு டிக்கெட் கிடையாது. ஒலிபெருக்கிக் குழாய் இருசாராருக்கும் பொதுவாகவே பாடும்.

அப்படி வெளியே உட்கார்ந்து கேட்ட கூட்டத்தில் தமிழர்களும் நிறையப் பேர். மில் தொழிலாளிகள், தொழிற்சாலை பிட்டர்கள், தபால் இலாகா குமாஸ்தாக்கள். அவர்களில் ஒருவர் ஆர்.எம்.எஸ். எனப்படும் ரயில் தபால் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் கும்பகோணம் பக்கம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. காது மட்டும் இன்னும் கூர்மை.

வந்த ஆண்டே ஏமாற்றம்

அவர் பெங்களூர் வந்து சேர்ந்தது 1967 மார்ச்சில். வயலின் மேதை சௌடையாவை ஒரு தரமாவது நேரில் கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வழக்கமான நான்கு தந்திகளோடு மேலும் மூன்று சேர்த்து ஏழு தந்தி வயலின் வாசித்தவர் சௌடையா. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே என்று கண்டுபிடித்த வழி அது. அந்த மேதை அதே ஆண்டு ஜனவரியில் காலமாகிவிட்டார். இரண்டு மாதம் பிந்திப்போனோமே என்று ஆர்.எம்.எஸ்.காரர் இன்றைக்கும் அங்கலாய்க்கிறார். பின்னாளில் மல்லேஸ்வரம் பக்கம் வயலின் வடிவத்தில் சௌடையா நினைவு மண்டபம் கட்டினார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கட்டடம் இருக்கிறது, வில் எங்கே என்பாராம்.

இரவு டியூட்டி அவருக்கு வசதியாக அமைந்தது. மாலையில் கச்சேரி கேட்டுவிட்டு, தனி ஆவர்த்தனம் முடிந்ததும் எழுந்து சிட்டி ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். துக்கடாக்கள்தான் தவறிப்போகும். அவற்றை நண்பர்கள் மறுநாள் சொல்ல வேண்டும்.

நண்பர்கள் இருவர். இருவரும் கிடைத்தது அதே சாலையில்தான்.

"பன்னி" தந்த நட்பு

கன்னடத்தில் "பன்னி" என்றால் "வாருங்கள்" என்று பொருள். பெங்களூர்த் தமிழர்களில் இந்தச் சொல்லைக் கேட்டு முதல் நாள் முகம் சிவக்காதவர்கள் யார்?

1972 அல்லது 73 இருக்கும். எம்.எஸ். கச்சேரி. நாலு மணிக்கே வேலி ஓரத்தில் இடம் பிடித்தாக வேண்டிய கூட்டம். பின்னி மில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் ஷிப்டு முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்து இடம் தேடி நின்றார். ஆரணிப் பக்கத்துக்காரர். பெங்களூருக்குப் புதிது. கீழே உட்கார்ந்திருந்த ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்து, "பன்னி, பன்னி" என்று கையைக் காட்டினார். மில்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "யாரைப் பார்த்து என்ன சொல்றீங்க?" என்று கையை மடக்கிக்கொண்டு போனார். பக்கத்தில் இருந்த ஆர்.எம்.எஸ்.காரர் குறுக்கே புகுந்து அர்த்தம் சொன்ன பிறகு மூவரும் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து அதட்டினார்களாம்.

இடம் கொடுத்தவர் மண்டியாக்காரர். தாலுகா ஆபீசில் குமாஸ்தா. கன்னடத்தில் அலுவலகத்துக்கும் கச்சேரி என்றுதான் பெயர். "பகலில் ஒரு கச்சேரி, மாலையில் ஒரு கச்சேரி. முதல் கச்சேரியில் தாளமே சேராது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வேடிக்கை.

மூவரில் முறையாகச் சங்கீத ஞானம் உள்ளவர் ஆர்.எம்.எஸ்.காரர் ஒருவரே. மண்டியாக்காரருக்குப் புரந்தரதாசரின் தேவர்நாமாக்கள் என்றால் உயிர். எம்.எஸ். "ஜகதோத்தாரண" பாடும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சரளி வரிசை முதல் பாலபாடம் வகுத்தவர் என்று போற்றப்படுகிறவர் கன்னடத்தில் பாடிய புரந்தரதாசர் என்பதை மற்ற இருவருக்கும் வருஷம் தவறாமல் நினைவூட்டுவார். எம்.எஸ். பாடிப் பிரபலமான ராஜாஜியின் தமிழ்ப் பாட்டு வந்தால், வரிக்கு வரி அர்த்தம் கேட்டுத் துளைப்பதும் அவரே. ராஜாஜி ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்து பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்தவர் ஆயிற்றே, அவரிலும் எங்களுக்குப் பாதி உண்டு என்று உரிமை வேறு கொண்டாடுவார்.

மில்காரர் கதையோ வேறு. ராகத்தின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்துக்குப் பின்னாலேயே சுற்றி வளர்ந்தவர். கம்பீர நாட்டை தொடங்கினால், "இது சாமி புறப்படும்போது வாசிக்கிறது" என்பார். நீலாம்பரி என்றால், "சாமி படுக்கப்போறப்போ வாசிக்கிறது அண்ணே" என்பார். ஒரு தரம்கூடத் தப்பியதில்லை என்கிறார் ஆர்.எம்.எஸ்.காரர். புத்தகம் பார்த்து ராகம் சொல்கிறவர்களைவிட இவர் ஞானம் ஒரு படி மேல் என்று தோன்றினால் அதில் வியப்பில்லை.

மழைக்கு வேண்டுதல்

துண்டுச் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பும் பழக்கம் டிக்கெட்காரர்களுக்கு மட்டுமா? வெளியே இருந்தவர்களும் அனுப்பினார்கள். கடலைப் பொட்டலம் விற்கிற பையன்தான் தூதன். "தமிழ்ப் பாட்டு ஒன்று" என்று மில்காரர் சொல்லச் சொல்ல ஆர்.எம்.எஸ்.காரர் எழுதுவார். சீட்டு மேடை வரை போயிற்றா, பையனின் அடுத்த பொட்டலம் ஆயிற்றா என்பது தெரியாது. எப்போதாவது கேட்ட பாட்டே வந்துவிட்டால் மில்காரர் பையனிடம் இன்னும் இரண்டு பொட்டலம் வாங்குவார்.

ஏப்ரலில் பெங்களூரில் திடீர் மழை கொட்டும். மாம்பழ மழை என்பார்கள். மழை வந்தால் வெளியே இருப்பவர்கள் பந்தலுக்குள் ஒண்டிக்கொள்வார்கள். தொண்டர்கள் கண்டுகொள்ளமாட்டார்கள். பெரிய வித்வான் பாடுகிற நாளில் மழை வரட்டும் என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்ட ரசிகர்கள் உலகத்தில் இவர்கள் மூவராகத்தான் இருப்பார்கள்! ராமநவமி அன்று பானகம், நீர்மோர், கோசம்பரி கிடைக்கும். நம் பக்கத்து வடைப்பருப்புதான் கோசம்பரி. ஒரு தொன்னை போதாது என்று வரிசையில் இரண்டாம் தரம் நின்ற கதையும் உண்டு.

மண்டியாக்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் தமிழ்ப் பேப்பர்மேல் உட்காரத் தெரியும். ஆர்.எம்.எஸ்.காரர் காலையில் வாங்கிய தமிழ்ப் பேப்பரைக் கச்சேரிக்குக் கொண்டுவருவார். தாள் தாளாகப் பிரித்து மூவரும் விரித்துக்கொள்வார்கள். சில சமயம் பக்கத்தில் இருக்கும் முகம் தெரியாத தமிழர், "சார், சினிமாப் பக்கத்தைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்பார். அப்படிக் கேட்டவர்கள் வழியாக ஒரு வாடகை வீடும், மில்காரரின் தங்கைக்கு ஒரு வரனும் கிடைத்தன.

1991 டிசம்பர்

கும்பகோணமும் மண்டியாவும் ஒரே ஆற்றின் இரு முனைகள். ஒருவர் வீட்டில் குறுவை நெல். மற்றவர் வீட்டில் கரும்பு. மேட்டூர் அணை திறக்கிற ஜூன் மாதம் வந்தால் இருவரும் வாதாடுவார்கள். குரல் உயர்ந்ததும் மில்காரர் கடலையை நீட்டுவார். அதோடு சரி.

1991 டிசம்பரில் அது வாதத்தோடு நிற்கவில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு மத்திய அரசிதழில் வெளியானதும் கர்நாடகத்தில் கலவரம் மூண்டது. பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்கள் பலியாயின. ஆயிரக்கணக்கானவர்கள் கிடைத்த வண்டியில் ஏறி ஊரைவிட்டுப் போனார்கள்.

ஸ்ரீராமபுரத்தில் குடியிருந்த மில்காரர் மனைவி மக்களை ஆரணிக்கு அனுப்பிவிட்டார். பொங்கல் கழிந்து அவர் மட்டும் வேலைக்குத் திரும்பினார். மில் விட்டால் அறை, அறை விட்டால் மில். ஆர்.எம்.எஸ்.காரரோ பஸ்ஸில் வாய் திறப்பதை நிறுத்தினார். டிக்கெட் கேட்க வேண்டியிருந்தால் கன்னடத்தில் மனப்பாடம் செய்துகொண்டு ஏறினார். இருபத்தைந்து வருஷம் பேசிய கன்னடம்தான். ஆனாலும் உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயம்.

1992 ஏப்ரல். வழக்கம்போல் சாம்ராஜ்பேட்டையில் பந்தல் எழுந்தது. முதல் வாரம் இருவரும் போகவில்லை. மண்டியாக்காரர் இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் ஆர்.எம்.எஸ்.காரர் வீட்டுக் கதவைத் தட்டினார். இருவருமாக ஸ்ரீராமபுரம் போய் மில்காரரைக் கூப்பிட்டார்கள்.

"வேணாம் அண்ணே. நமக்கு வாயைத் திறந்தா தமிழ்தான் வருது" என்றார் மில்காரர்.

"வாயைத் திறக்க வேண்டியவர் மேடையில் இருக்கிறவர். நீங்கள் காதைத் திறந்தால் போதும்" என்றார் மண்டியாக்காரர்.

போனார்கள். ஆர்.எம்.எஸ்.காரர் அன்று பேப்பர் கொண்டுபோகவில்லை. பைக்குள் ஒரு துண்டு மட்டும் வைத்திருந்தார். தமிழ் எழுத்தை நாலு பேர் பார்க்கும்படி சாலையில் விரிக்க மனம் வரவில்லை. வேலி ஓரம் போய் அந்தத் துண்டை எடுத்தபோது மண்டியாக்காரர் தடுத்தார். தம் கக்கத்தில் இருந்த பேப்பரை உதறினார். தமிழ்ப் பேப்பர்! மார்க்கெட் கடையில் கேட்டு வாங்கியிருக்கிறார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தாராம். தாள் தாளாகப் பிரித்து மூன்று இடம் போட்டார். தாம் முதலில் உட்கார்ந்தார். பிறகு மில்காரரைப் பார்த்துச் சொன்னார்:

"பன்னி."

மில்காரர் சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில் பின்னால் இருந்த ஒரு கன்னடக்கார மூதாட்டி கையை நீட்டி ஒரு தாள் கேட்டார். கொடுத்தார்கள். அவர் அதை எந்தப் பக்கம் மேலே என்றுகூடப் பார்க்காமல் விரித்துப் போட்டு உட்கார்ந்து, தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

அன்று பாடியது யார் என்று கேட்டால் ஆர்.எம்.எஸ்.காரருக்கு நினைவில்லை. இருபது வருஷத்துக் கச்சேரிகளைத் தேதியோடு சொல்கிறவர் அவர். "அன்றைக்குப் பாட்டு காதில் விழவில்லை. முதுகுப் பக்கம் யார் வருகிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்" என்கிறார். யாரும் வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் மூவரும் பேசாமலே போனார்கள். அடுத்த வாரமும் போனார்கள். மே மாதத்தில் மறுபடி வாய்விட்டு ராகம் சொல்ல ஆரம்பித்துவிட்டார் மில்காரர்.

அதற்காக மண்டியாக்காரர் தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அந்த ஜூனிலும் வாதாடினார். அவர் அண்ணன்மார் மண்டியாவில் நடந்த போராட்டத்தில் சாலையில் உட்கார்ந்தவர்கள்.

இப்போது

மில்காரர் வேலை போனபின் ஆரணிக்கே போய்விட்டார். 2003-ல் இறந்தார். பிள்ளைகள் எழுதிய கார்டு கைக்கு வந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. வாழ்நாளெல்லாம் ஊரார் கார்டுகளைப் பிரித்துப் போட்டவர், அந்தக் கார்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

மண்டியாக்காரர் ஓய்வு பெற்று, கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஊரோடு இருக்கிறார். முழங்கால் வலி. பெங்களூர் வருவதில்லை. 2016 செப்டம்பரில் காவிரிக்காக மறுபடி பெங்களூரில் பஸ்களும் லாரிகளும் எரிந்த மாலையில், கும்பகோணத்தாருக்கு முதலில் வந்த போன் அவருடையது. "வெளியே போகாதீர்கள்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

ஆர்.எம்.எஸ்.காரருக்கு மகன் இப்போது நாற்காலி டிக்கெட் வாங்கித் தருகிறார். வயதாயிற்று, சாலையில் உட்கார வேண்டாம் என்பது மகனின் உத்தரவு. உள்ளே உட்கார்ந்து பிரதானப் பாட்டு வரை கேட்கிறார். தனி ஆவர்த்தனம் முடிந்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து வெளியே வந்துவிடுகிறார். வேலி ஓரம் நின்று மண்டியாவுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை நோக்கித் தூக்கிப் பிடிக்கிறார்.

"கேட்கிறதா?"

"ஆட்டோ ஹாரன்தான் கேட்கிறது. வேலிப் பக்கம் இன்னும் நெருங்கிப் போங்கள் ஸ்வாமி."