ஒரு புதிய பீச் ரகம் உருவாக 15 ஆண்டுகள் ஆவது ஏன்? அதற்குள் குளிர்காலம் மாறிவிட்டால் என்ன செய்வது?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்கு 'பீச் மாநிலம்' என்றே பெயர். வாகன எண் பலகையில்கூட பீச் படம் உண்டு. ஆனால் 2023-ம் ஆண்டு கோடையில் அங்கே உள்ளூர் பீச் கிடைப்பதே அரிதாகிவிட்டது. விளைச்சலில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோனது. பூச்சியோ வறட்சியோ இதற்குக் காரணமில்லை. குளிர்காலம் போதிய அளவு குளிராக இல்லை. முன்கூட்டியே பூத்த மரங்களை மார்ச் மாத உறைபனி தாக்கியது. 2017-லும் குளிர் போதாமல் பெரும்பகுதி விளைச்சல் போயிருந்தது.

'சரி, குறைந்த குளிரிலும் காய்க்கும் புது ரகத்தை நட்டுவிட வேண்டியதுதானே?' என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். நெல்லிலோ தக்காளியிலோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு தலைமுறை பார்த்துவிடலாம். பழ மரத்தில் அது நடக்காது.

மரம் குளிரை எப்படி எண்ணுகிறது?

பீச் இலையுதிர் மரம். இலை கொட்டியதும் மொட்டுகள் உறக்கத்துக்குப் போய்விடும். நடுவில் இரண்டு நாள் வெயில் அடித்தாலும் மொட்டு விழித்துவிடக் கூடாது. விழித்தால் அடுத்த உறைபனியில் கருகிவிடும். அதனால் மரம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் இத்தனை மணி நேரம் கழிந்த பிறகுதான் உறக்கம் கலையும். இதைத்தான் 'குளிர் மணி நேரம்' என்கிறார்கள்.

இந்தக் கணக்கு ரகத்துக்கு ரகம் மாறும். 'எல்பெர்ட்டா' போன்ற பழைய ரகங்களுக்கு 800 மணி நேரத்துக்கும் மேல் தேவை. புளோரிடாவில் உருவான 'ஃப்ளோர்டா பிரின்ஸ்' ரகத்துக்குச் சுமார் 150 மணி நேரம் போதும்.

கணக்கு நிறைவேறாவிட்டால் மரம் உடனே செத்துவிடாது. ஒரு கிளை பூக்கும், இன்னொன்று பூக்காது. மொட்டுகள் உதிரும். இலை தாமதமாக வரும். காய்க்கிற கொஞ்சமும் சிறுத்து, உருக்குலைந்து நிற்கும். வீட்டுத் தோட்டம் என்றால் 'இந்த வருஷம் அவ்வளவுதான்' என்று விட்டுவிடலாம். கடன் வாங்கி நூறு ஏக்கரில் மரம் வைத்தவர் அப்படி விட முடியாது.

இதற்குப் பின்னால் இருக்கும் மரபணுக்களும் ஓரளவு தெரிந்துவிட்டன. மெக்சிகோவில் உறக்கத்துக்கே போகாத ஒரு பீச் மரம் கிடைத்தது. ஆராய்ந்தபோது, 'டேம்' எனப்படும் மரபணுத் தொகுப்பில் ஒரு பகுதி அதில் இல்லை என்பது தெரியவந்தது. மற்ற பீச் மரங்களில் இந்த மரபணுக்கள்தான் பிரேக் மாதிரி மொட்டைப் பிடித்து வைக்கின்றன. குளிர் சேரச் சேர அந்தப் பிடி தளர்கிறது.

அந்தக் காலத்தில் ரகங்கள் எப்படி வந்தன?

பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். 1870-ல் ஜார்ஜியாவின் சாமுவேல் ரம்ஃப் என்ற விவசாயி சில பீச் கொட்டைகளை ஊன்றினார். அதில் ஒரு மரத்தின் பழம் பெரிதாக, மஞ்சள் சதையோடு, நீண்ட ரயில் பயணத்தையும் தாங்குவதாக இருந்தது. மனைவியின் பெயரான எல்பெர்ட்டாவையே அதற்கு வைத்தார். பல பத்தாண்டுகள் அமெரிக்கச் சந்தையை ஆண்டது அந்த ரகம்.

பிறகு அதிர்ஷ்டத்தை நம்பாமல் திட்டமிட்டுக் கலப்பு செய்யத் தொடங்கினார்கள். மிச்சிகன் மாநிலத்தின் சவுத் ஹேவன் ஆய்வுப் பண்ணையில் ஸ்டான்லி ஜான்ஸ்டன் 1924-ல் ஆரம்பித்தார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் 20,000-க்கும் மேற்பட்ட கலப்பு நாற்றுகளை அவர் பார்த்தார். ரகமாகத் தேறியவை எட்டு. அவற்றில் ஒன்றுதான் 1940-ல் வெளியாகி உலகம் முழுக்கப் பரவிய 'ரெட்ஹேவன்'. இருபதாயிரத்தில் எட்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்தத் தொழில் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பது புரியும்.

15 ஆண்டுகளில் என்னதான் நடக்கிறது?

முதல் வேலை பூவில். பீச் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும். அதனால் மொட்டு விரிவதற்கு முந்தைய நாளே அதன் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். பிறகு 'அப்பா' ரகத்திலிருந்து எடுத்து உலர்த்திய மகரந்தத்தைச் சூல்முடியில் தடவுவார்கள்.

அந்தக் காயின் கொட்டையை உடைத்து விதையை எடுத்து, சில மாதங்கள் ஈரமான குளிரில் வைத்தால்தான் முளைக்கும். சீக்கிரம் பழுக்கும் ரகம் தாயாக இருந்தால் இன்னொரு தலைவலி. பழம் கனிந்திருக்கும், உள்ளே கரு முற்றியிருக்காது. மண்ணில் போட்டால் அழுகிவிடும். அந்தப் பிஞ்சுக் கருவைத் தனியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் ஊட்டச்சத்துக் கூழில் வளர்க்கிறார்கள். சந்தைக்கு முதலில் வரும் பீச் ரகங்கள் பல இப்படிக் காப்பாற்றப்பட்ட கருக்களிலிருந்து வந்தவை.

நாற்றுகளை நெருக்கமாக நடுவார்கள். மூன்றாம் ஆண்டு வாக்கில் முதல் காய். அப்போது தொடங்குகிறது கழித்தல். ஒவ்வொரு மரமாகப் போய் பழத்தைக் கடித்துப் பார்ப்பார்கள். நிறம், அளவு, கெட்டித்தன்மை, இனிப்பு, புளிப்பு, நோய் தாக்குகிறதா என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்கள். நூற்றில் ஒன்றிரண்டு தப்பினாலே பெரிது. மற்றதெல்லாம் வெட்டு.

தப்பியவற்றின் மொட்டை எடுத்து வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி, வெவ்வேறு ஊர்களில் சோதனைக்கு நடுவார்கள். அவை காய்க்க மறுபடியும் மூன்று ஆண்டுகள். ஒரு நல்ல ஆண்டைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்பதால் இன்னும் மூன்று நான்கு பருவங்கள் பார்ப்பார்கள். பிறகு வைரஸ் இல்லாத தாய் மரம், நர்சரி, கன்று உற்பத்தி. கூட்டினால் பன்னிரண்டிலிருந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிடும்.

'நல்ல மரத்தின் கொட்டையை எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே?' என்றால், முடியாது. கொட்டையில் முளைக்கும் கன்று தாயை அச்சாக ஒத்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு கன்றும் ஒட்டுக் கன்றுதான்.

வெயில் மாநிலத்தில் பீச் எப்படி வந்தது?

1952-ல் புளோரிடா பல்கலைக்கழகம் தொடங்கிய திட்டம் இதற்கு நல்ல உதாரணம். தென் சீனாவிலிருந்து வந்த பீச் வகைகளுக்குக் குளிர் அதிகம் தேவையில்லை. ஆனால் பழம் சிறியது, சதை மென்மையானது. வடக்கு மாநில ரகங்கள் இதற்கு நேர் எதிர். பழம் பெரியது, அழகானது, ஆனால் கடுங்குளிர் வேண்டும்.

இரண்டையும் கலந்தால் முதல் தலைமுறையிலேயே இரண்டு நல்ல குணமும் சேர்ந்து வந்துவிடாது. திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் குறைந்தது மூன்று நான்கு ஆண்டுகள். 1982-ல் ஃப்ளோர்டா பிரின்ஸ் வெளிவந்தபோது திட்டத்துக்கு வயது 30.

அதன் பலன் அமெரிக்காவோடு நிற்கவில்லை. பஞ்சாப் சமவெளியில் விவசாயிகள் இன்று நடும் பீச் ரகங்களில் ஃப்ளோர்டா பிரின்ஸ் முக்கியமானது. இமாச்சல மலைப் பழம் சந்தைக்கு வருவதற்கு முன்பே, ஏப்ரல் கடைசியில் அங்கே பழம் கனிந்துவிடுகிறது. முதலில் வரும் பழத்துக்குத்தானே விலை! புளோரிடா விவசாயிகளின் கணக்கும் அதுவே. கலிபோர்னியா, ஜார்ஜியா பழங்கள் குவிவதற்குள் விற்றுவிட வேண்டும்.

இன்னொரு மாற்றமும் அங்கே நடந்தது. சாதாரண பீச் கனியும்போது சதை குழைந்துவிடும். லாரியில் நசுங்காமல் இருக்க அரைக்காயாகப் பறிப்பார்கள். சூப்பர் மார்க்கெட் பீச் பல நேரம் சப்பென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டின்களில் அடைக்கும் பீச் வகைகளில் சதை குழையாத குணம் உண்டு. அதை நேரடியாகச் சாப்பிடும் ரகங்களுக்குள் கொண்டுவந்தார்கள். இப்போது மரத்திலேயே நன்றாகக் கனியவிட்டுப் பறித்தாலும் பழம் பயணத்தைத் தாங்குகிறது.

மரபணுத் தொழில்நுட்பம் வேலையைக் குறைத்திருக்கிறதா?

ஓரளவுக்கு. 2013-ல் பீச்சின் மரபணு வரைபடம் வெளியானது. வெறும் 8 ஜோடி குரோமோசோம் கொண்ட சிறிய மரபணுத் தொகுப்பு அது. மேல்தோலில் பூனை முடி இருக்குமா, நெக்டரின் போல வழவழப்பாக இருக்குமா, சதை வெள்ளையா மஞ்சளா, குழையுமா குழையாதா போன்ற குணங்களை ஒன்றிரண்டு மரபணுக்களே தீர்மானிக்கின்றன. நாற்று விரல் உயரம் இருக்கும்போதே ஓர் இலையை எடுத்துப் பரிசோதித்தால் போதும். வேண்டாதவற்றை நடுவதற்கு முன்பே கழித்துவிடலாம். நிலமும் கூலியும் மிச்சம்.

ஆனால் சுவை, அளவு, விளைச்சல், பூக்கும் காலம் ஆகியவற்றின் பின்னால் பல மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றை இலையைப் பார்த்து முழுதாகச் சொல்லிவிட முடியாது. மரம் காய்த்துத்தான் காட்ட வேண்டும். அதற்குக் குறுக்குவழி இன்னும் இல்லை.

ரகம் யாருக்குச் சொந்தம்?

இவ்வளவு ஆண்டு செலவை யார் ஏற்பது என்ற கேள்வி உடனே வரும். அமெரிக்காவில் 1930 முதலே ஒட்டுமுறையில் பெருகும் செடிகளுக்குக் காப்புரிமை உண்டு. இப்போது அதன் காலம் 20 ஆண்டுகள். நர்சரி விற்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு தொகை, ரகத்தை உருவாக்கிய நிறுவனத்துக்குப் போகும். இந்தியாவில் 2001-ம் ஆண்டின் தாவர ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பதிவு செய்த மர ரகங்களுக்கு 18 ஆண்டுகள் பாதுகாப்பு தருகிறது. விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைத்துக்கொள்ளும் உரிமையையும் அதே சட்டம் காக்கிறது.

அப்படியானால் குளிர் குறைவாகத் தேவைப்படும் ரகம்தான் தீர்வா?

இல்லை. எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். ஜார்ஜியாவில் 150 மணி நேர ரகத்தை நட்டால், கணக்கு டிசம்பரிலேயே முடிந்துவிடக்கூடும். அதற்குப் பிறகு கொஞ்சம் வெயில் அடித்தாலும் மரம் பூத்துவிடும். பின்னால் வரும் உறைபனி அத்தனை பூவையும் கருக்கிவிடும். 800 மணி நேர ரகத்தை நட்டாலோ, மிதமான குளிர்காலத்தில் பூக்கவே திணறும். ஒரு பக்கம் குழி, மறுபக்கம் கிணறு.

அதனால்தான் புளோரிடா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களும் அமெரிக்க வேளாண் துறையின் பைரன் ஆய்வு மையமும் சேர்ந்து, இரண்டுக்கும் நடுவே குளிர் தேவைப்படும் 'கல்ஃப்' வரிசை ரகங்களை உருவாக்கின. அடுத்த தேடல் இன்னும் நுட்பமானது. உறக்கம் கலையக் குறைந்த குளிர் போதும், ஆனால் உறக்கம் கலைந்த பிறகு பூக்க நிறைய வெப்பம் சேர வேண்டும். அப்படிப்பட்ட மரம் மிதமான குளிர்காலத்தையும் தாங்கும், அவசரப்பட்டுப் பூக்கவும் செய்யாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்று ஒரு பூவில் மகரந்தம் தடவினால் ரகம் வெளிவர 15 ஆண்டு. விவசாயியின் தோட்டத்தில் காய்க்க இன்னும் 3 ஆண்டு. அந்தத் தோட்டம் பலன் தருவது ஏறக்குறைய 12 ஆண்டு. ஆக, இன்றைய தேர்வு 30 ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் குளிர்காலத்தையும் தாக்குப்பிடிக்க வேண்டும். அந்தக் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரே 'சூப்பர் பீச்' வரப்போவதில்லை. வெவ்வேறு குளிர்க் கணக்கு உள்ள பல ரகங்களை ஆய்வு நிலையங்கள் கையிருப்பில் வைத்திருப்பதும், விவசாயி முழுத் தோட்டத்தையும் ஒரே ரகத்தில் நிரப்பாமல் இரண்டு மூன்று ரகங்களைக் கலந்து நடுவதும்தான் இப்போதைக்கு இருக்கிற வழி. ஒரு ரகம் ஏமாற்றும் ஆண்டில் இன்னொன்றாவது கைகொடுக்கும்.