குளிசையும் மறதியும்

டாக்டர்மார் சி.எம்.எல். என்று சொல்லும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் ஒரு காலத்தில் சில வருடக் கெடுவோடுதான் வரும். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப் என்ற மருந்து அந்தக் கெடுவைத் தள்ளிப்போட்டது. அந்த மருந்துக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் காப்புரிமை மறுத்தது, இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் அதை உறுதிசெய்தது. மலிவான இந்தியத் தயாரிப்புகளுக்கு வழி திறந்திருந்தது அதனால்தான். இப்போது பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், சாப்பாட்டோடு, பெரிய கிளாஸ் தண்ணீரோடு. பிரஷர் குளிசை போடுகிறவர்போல வேலைக்குப் போய்வரலாம்.

ஆனால் பத்துப் பதினைந்து வருடம் ஒரே மருந்தோடு வாழ்பவர்களிடம் வேறொரு முறைப்பாடு எழுகிறது.

திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் மீன்வாடியில் கணக்கெழுதும் ஒருவரை வைத்துக்கொள்வோம். எந்த வள்ளத்துக்கு எத்தனை பெட்டி ஐஸ் போனது என்பதைக் கொப்பி பார்க்காமலே சொன்னவர். இப்போது பெட்டி எண்ணும்போது நடுவில் கணக்கு தவறுகிறது. தெரிந்த பெயர் தொண்டைவரை வந்து நிற்கிறது. “வயசு போகுதுதானே அண்ணை” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்ல, கிளினிக்கில் அவர் வாய் திறப்பதில்லை. உயிரைக் காத்த குளிசையைக் குறை சொல்வதா என்ற கூச்சம் வேறு.

கூச்சப்பட வேண்டியதில்லை. ஐரோப்பாவில் இந்த மருந்துக்கு வழங்கப்படும் விவரத்தாளிலேயே ஞாபகக் குறைவு பக்கவிளைவாக இருக்கிறது. 1,000 பேரில் ஒருவர் முதல் 10 பேர்வரை என்ற வகையில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். எப்படி வருகிறது என்பதுதான் சிக்கல். இரத்தத்திலுள்ள இமாடினிப்பில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே மூளைத் தண்டுவட நீருக்குள் போகிறது, மூளையின் காவல் சுவர் மிச்சத்தை வெளியே தள்ளிவிடுகிறது. அதே நேரம் மருந்து தடுக்கும் புரதங்கள் சில மூளையிலும் வேலை செய்பவை. ஆகவே மருந்துதான் காரணம் என்று உடனே தீர்த்துவிட முடியாது. இரத்தசோகை, தைரொயிட் குறைவு, ஓயாத களைப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாமே இதே தோற்றத்தில் வரும். முதலில் இவற்றைப் பரிசோதிப்பதே நியாயம். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு.

உண்மையான ஆபத்து வேறிடத்தில். மறதிக்காரர் குளிசையையே மறந்தால்? அளவு அடிக்கடி தவறினால் நோய் மீண்டும் தலைதூக்கும். அதனால் சாப்பாட்டு மேசையில் நாள்வாரிப் பெட்டி வைப்பதும், போனில் அலாரம் போடுவதும் சின்ன விஷயமில்லை. மறதிக்குப் பயந்து தானாக நிறுத்துவதோ இன்னும் மோசம். பிரான்ஸில் 2007இல் தொடங்கிய ஆய்வில் 100 பேர் மருந்தை நிறுத்தினார்கள். அவர்கள் எல்லோரும் இரண்டு வருடத்துக்கு மேல் நோயின் தடயமே தெரியாதிருந்தவர்கள். அப்படியும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பியது, பெரும்பாலும் முதல் ஏழு மாதத்துக்குள். அடிக்கடி இரத்தம் சோதித்ததால்தான் உடனே பிடித்து, திரும்பவும் மருந்து கொடுக்க முடிந்தது.

மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை திருகோணமலையிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் போய், டாக்டரின் முன் சில நிமிடம் இருக்கும்போது ஞாபகம் கைகொடுக்காது. எப்போது தொடங்கியது, என்ன மறக்கிறது, வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று ஒரு தாளில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்தால் போதும். அளவைக் குறைப்பதா, வேறு குளிசைக்கு மாறுவதா என்பதை டாக்டர் முடிவுசெய்வார். மனைவியோ மகளோ கூடப் போனால் இன்னும் நல்லது. மறதியை நோயாளிக்கு முன்பே கவனித்திருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான்.