ஊர்ப் பக்கத்தை யார் எழுதுவது?

பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியை 1954-ல் வெளியிட்டபோது, பள்ளிப்பட்டு என்ற ஊர் ஆந்திர மாநிலத்தில் இருந்தது. பத்துத் தொகுதிகளும் 1968-ல் நிறைவுற்றபோது அதே பள்ளிப்பட்டு சென்னை மாநிலத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரை, 1959-ல் நிறைவேறிய எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்ந்து இந்த ஊரும் நம் பக்கம் வந்தது. 1969-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்றானது. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் உருவானது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் முகவரிதான் மாறிக்கொண்டே வந்தது.

அச்சில் ஏறிய நூலால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அடுத்த பதிப்பு வரும்வரை பழைய செய்திதான் அலமாரியில் இருக்கும். தூரனும் அவருடைய குழுவினரும் செய்தது மாபெரும் பணி. ஆனால் உலகம் மாறுகிற அன்றே மாறுகிற கலைக்களஞ்சியம் வேண்டுமென்றால், அதற்கு வேறொரு ஏற்பாடு தேவைப்பட்டது. அந்த ஏற்பாடு 2001 ஜனவரி 15 அன்று ஆங்கில விக்கிப்பீடியாவாகத் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் பிறந்தது. அதன் தொடக்க நாட்களிலேயே வந்து சேர்ந்து, இடைமுகத்தைத் தமிழாக்கி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். அவர் அப்போது வளைகுடா நாட்டில் பணியாற்றிக்கொண்டிருந்தார். கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் தன் இயல் விருதை அவருக்கு அளித்துச் சிறப்பித்தது. 2017-ல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. இப்போது ஒன்றரை லட்சத்தையும் தாண்டிவிட்டது.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. இப்படி ஒரு நூல் ஒரே வாரத்தில் குப்பையாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்படி ஆகவில்லை. ஏன்?

ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ‘வரலாற்றைக் காட்டவும்’ என்றொரு பொத்தான் இருக்கிறது. வாசகர்களில் பெரும்பாலானோர் அதைத் தொட்டதே இல்லை. ஆனால் விக்கிப்பீடியாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் பிறந்த நாளிலிருந்து யார், எந்த நிமிடம், எதை மாற்றினார் என்பது வரிவரியாக அங்கே பதிவாகியிருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஓர் எண்ணும் இருக்கும். நீங்கள் ஒரு கட்டுரையில் ‘பள்ளிப்பட்டு’ என்ற ஊர்ப்பெயரை மட்டும் சேர்த்துச் சேமித்தால், பச்சை நிறத்தில் +36 என்று காட்டும். பெயரில் இருப்பதோ ஏழே எழுத்து. கணினி அதைப் பன்னிரண்டு குறிகளாகப் பிரித்து வைக்கிறது: ‘ள்’ என்பது அதற்கு ‘ள’ ஒன்று, புள்ளி ஒன்று, ‘டு’ என்பது ‘ட’ ஒன்று, உகரக் குறி ஒன்று. ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு இடம் பிடிக்கிறது. பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு. இதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் பத்து எழுத்து, பத்தே பைட்டு. நாம் இடும் ஒரு புள்ளியைக்கூட எண்ணி வைக்கும் அளவுக்கு அந்தக் கணக்கு துல்லியமானது.

பக்கத்தின் எந்த இரண்டு நிலைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடவும் வசதி உண்டு. இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. மாறிய சொல் மட்டும் வண்ணமிட்டுத் தெரியும். விஷமத்துக்காக ஒருவர் பக்கம் முழுவதையும் அழித்தால், அழிந்தது பக்கத்தின் இப்போதைய நிலை மட்டுமே. முந்தைய நிலைகள் அத்தனையும் பத்திரமாக இருக்கும். ஓரிரு சொடுக்கில் பழைய நிலை திரும்பிவிடும். கெடுப்பதற்கு ஆகும் உழைப்பைவிடச் சரிசெய்வதற்கு ஆகும் உழைப்பு குறைவு. இந்த ஒரு தலைகீழ் ஏற்பாடுதான் விக்கிப்பீடியாவைக் காக்கிறது. அதோடு, ஒவ்வொரு பயனரும் தமக்கு அக்கறையுள்ள பக்கங்களைக் கவனிப்புப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். அங்கே மாற்றம் நிகழ்ந்தால் அவர் கண்ணில் பட்டுவிடும். ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தை நாள்தோறும் பார்த்துத் துப்புரவு செய்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் தவறே இருக்காதா? இருக்கும். 2005-ல் ‘நேச்சர்’ அறிவியல் இதழ் ஆங்கில விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்காவையும் வல்லுநர்களிடம் கொடுத்து 42 அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குச் சுமார் நான்கு பிழைகள், பிரிட்டானிக்காவில் சுமார் மூன்று. பிரிட்டானிக்கா அந்த ஆய்வை ஏற்க மறுத்து வாதாடியது. ஆனாலும் நூற்றாண்டுகளின் அனுபவத்தோடு வல்லுநர்கள் எழுதிய நூலுக்கு இவ்வளவு அருகில், நான்கே வயதான ஒரு கூட்டு முயற்சி வந்து நின்றது வியப்புதான்.

திருத்தலாம் என்ற உரிமைக்கு இணையாக இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எழுதுகிற ஒவ்வொரு செய்திக்கும் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். பள்ளிப்பட்டு வழியே போகும் கொசஸ்தலை ஆற்றையே எடுத்துக்கொள்வோம். ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் இங்கே வெள்ளம் வரும், தரைப்பாலங்கள் மூழ்கும். இதே ஆறுதான் 1944-ல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை நிரப்பி, சென்னைக்குக் குடிநீர் தந்து, எண்ணூரில் கடலில் கலக்கிறது. இவ்வளவு முக்கியமான ஆறு எங்கே பிறக்கிறது? பள்ளிப்பட்டு அருகே என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இராணிப்பேட்டை மாவட்டக் காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீர்ப் போக்கில் தொடங்குகிறது என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். மேலிருந்து வரும் பல ஓடைகளில் எதை மூல ஆறாகக் கொள்வது, எதைக் கிளை ஆறாகக் கொள்வது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

இந்த இடத்தில் விக்கிப்பீடியர் நீதிபதி ஆகக் கூடாது. தமக்குப் பிடித்த விடையை மட்டும் எழுதவும் கூடாது. இந்த ஆவணம் இப்படிச் சொல்கிறது, அந்த ஆவணம் அப்படிச் சொல்கிறது என்று இரண்டையும் சான்றோடு வைக்க வேண்டும். கருத்து வேறுபட்டால் அதே கட்டுரையின் ‘உரையாடல்’ பக்கத்தில் பேசித் தீர்க்கலாம். பொதுவான விவாதங்களுக்கு ‘ஆலமரத்தடி’ என்றே ஒரு பக்கம் இருக்கிறது. சான்றில்லாத வரியின் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று யாராவது குறித்துவைப்பார்கள். அதைப் பார்த்து எழுதியவர் கோபப்பட வேண்டியதில்லை. அடுத்து வருபவருக்கு அது ஒரு வேலைக் குறிப்பு.

ஆற்றங்கரையிலேயே வாழ்கிற ஒருவருக்கு இந்த விதி கடுமையாகத் தோன்றலாம். ‘என் கண்ணால் பார்த்ததை நான் எழுதக் கூடாதா?’ என்று கேட்பார். வேறெங்கும் வெளிவராத செய்தியை, சொந்த அனுபவத்தை மட்டும் வைத்து எழுத முடியாது என்பது உண்மை. படிப்பவர் சரிபார்க்க வழியில்லை என்பதே காரணம். ஆனால் உள்ளூர்க்காரர் மட்டுமே தரக்கூடியது ஒன்று உண்டு, அது படம். ஆற்றின் படம், கோயில் கோபுரத்தின் படம், பொதட்டூர்பேட்டை விசைத்தறியின் படம். நீங்களே எடுத்த படத்தை விக்கிமீடியா பொதுவகம் என்ற படத் தொகுப்பில் ஏற்றினால், உலகில் எந்த மொழிக் கட்டுரையிலும் அதைப் பயன்படுத்தலாம். எந்தச் செய்தித்தாளில் எந்த நாளில் ஊர்ச் செய்தி வந்தது, எந்தக் கல்வெட்டு நூலில் ஊர்ப்பெயர் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதிலும் உள்ளூர்க்காரர்தான் முந்துவார். தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் ஏராளமானவற்றுக்கு, அரசுத் தரவுகளைக் கொண்டு தானியங்கி நிரல் ஒன்று கட்டுரை தொடங்கி வைத்திருக்கிறது. மக்கள்தொகையும் வார்டு கணக்கும் அதில் இருக்கும். அந்த ஊரின் சந்தை, திருவிழா, தொழில் இவை நிரலுக்குத் தெரியாது.

கற்றுக்கொள்வது கடினமல்ல. முதலில் ஒரு பயனர் கணக்கு. அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பிறகு ‘மணல்தொட்டி’ என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகலாம், தவறினால் யாருக்கும் நட்டமில்லை. ஒரு சொல்லை வேறொரு கட்டுரையோடு இணைக்க அதன் இருபுறமும் இரட்டைச் சதுர அடைப்புப் போட்டால் போதும்: [[பூண்டி ஏரி]]. சேமிக்கும் முன் முன்தோற்றம் பார்த்துக்கொள்ளுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரிச் சுருக்கம் எழுதுங்கள். எழுத்துப்பிழை திருத்துவதில் தொடங்குவது நல்லது. ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதையும் கவனியுங்கள். சென்னையில் தரமணியை ஒட்டியும் ஒரு பள்ளிப்பட்டு உண்டு. செய்தித்தாளின் வரிகளை அப்படியே நகலெடுக்காதீர்கள், அது பதிப்புரிமை மீறல். சொந்தக் கடைக்கோ கட்சிக்கோ விளம்பரம் எழுதாதீர்கள், அது நிற்காது. 2017-ல் தமிழகமெங்கும் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தப் பயிற்சி அளிக்கப்பட்டது. பலர் அங்கிருந்தே எழுதத் தொடங்கினார்கள்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் சுமார் 70 லட்சம் கட்டுரைகள் இருக்கின்றன. நாம் அதன் அருகில்கூட இல்லை. தேடுபொறிகளும் செயற்கை நுண்ணறிவு நிரல்களும் இன்று தமிழைக் கற்பது பெருமளவு இணையத்தில் கிடைக்கும் எழுத்திலிருந்துதான், அதில் விக்கிப்பீடியாவுக்குத் தனி இடம் உண்டு. நாம் எழுதாத ஊர் அவற்றுக்குத் தெரியாத ஊர். எனவே, இந்த வாரம் உங்கள் ஊரின் பக்கத்தைத் திறந்து முழுவதும் படியுங்கள். பிழை ஒன்றாவது இருக்கும், விடுபட்ட செய்தி ஒன்றாவது இருக்கும். ஒரு நூலையோ செய்தித்தாளையோ கையில் வைத்துக்கொண்டு ‘தொகு’ என்பதை அழுத்துங்கள். ஒரு வரி எழுதுங்கள், அதற்கு ஒரு சான்று கொடுங்கள். உங்கள் ஊரைப் பற்றி எழுத உங்களைவிடப் பொருத்தமானவர் வேறு யாரும் இல்லை.