தண்டவாளமே சொல்லும் 'ரயில் இருக்கு': 23 உயிர்கள் போன விபத்தும், சிக்னலை மாற்றிய ஒரு ஐடியாவும்

சிவப்பு சிக்னலில் ரயில் நின்றால், "இன்னும் எவ்வளவு நேரம்டா?" என்று மொபைலைப் பார்ப்போம். அந்தச் சிவப்பு விளக்கைப் போட்டது யார்? பல வழித்தடங்களில் அதை எந்த மனிதரும் போடுவதில்லை. முன்னால் போகும் ரயிலேதான் போடுகிறது. இந்த இடத்துக்கு வந்து சேர ரயில்வே கொடுத்த விலை பெரிது.

1861-ல் என்ன நடந்தது?

இங்கிலாந்தின் பிரைட்டன் அருகே கிளேட்டன் சுரங்கப்பாதை. நீளம் 2 கி.மீ.க்கு மேல். இரு முனைகளிலும் ஒரு சிக்னல்மேன். இருவரும் தகவல் சொல்லிக்கொள்ள மின் தந்திக் கருவி. அன்றைக்கு அதுதான் லேட்டஸ்ட் டெக்னாலஜி.

ஆகஸ்ட் 25, ஞாயிறு காலை. பிரைட்டனில் இருந்து 3 ரயில்கள் சில நிமிட இடைவெளியில் கிளம்பின. முதல் ரயில் சுரங்கத்துக்குள் போனதும் தானாக மாற வேண்டிய சிக்னல் மாறவில்லை. அதற்குள் இரண்டாவது ரயில் வந்துவிட்டது. தெற்கு முனை சிக்னல்மேன் ஹென்றி கில்லிக் சிவப்புக் கொடி காட்டினார். டிரைவர் பார்த்தாரா, இல்லையா? அவருக்குத் தெரியவில்லை.

"சுரங்கம் காலியா?" என்று தந்தியில் கேட்டார். அந்த நேரம் பார்த்து முதல் ரயில் வடக்கே வெளியே வர, "காலி" என்று பதில் வந்தது. இரண்டாவது ரயில்தான் போய்விட்டது என்று நினைத்து, மூன்றாவது ரயிலுக்கு வழிவிட்டார் கில்லிக்.

ஆனால் இரண்டாவது ரயிலின் டிரைவர் கொடியைப் பார்த்திருந்தார். சுரங்கத்துக்குள் ரயிலை நிறுத்தி, பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தார். மோதலில் 23 பேர் இறந்தனர், 176 பேர் காயமடைந்தனர். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கிடைப்பதற்காக, கில்லிக் அன்று 24 மணி நேர ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்வு எப்படி வந்தது?

சுரங்கத்துக்குள் ரயில் இருக்கிறதா என்பதை மனிதர் யூகிக்க வேண்டியிருந்ததுதான் சிக்கல். அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ராபின்சன் இதை மின்சாரத்திடம் விட்டார். 1870-ல் அவர் அமைத்த முதல் கருவியில் ஒரு குறை இருந்தது. கம்பி அறுந்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ, ரயில் இருந்தாலும் சிக்னல் 'வழி காலி' என்றே காட்டும்.

அதனால் அப்படியே தலைகீழாக மாற்றி யோசித்தார். 1872-ல் காப்புரிமை பெற்ற 'டிராக் சர்க்யூட்' இதுதான்:

* தண்டவாளத்தின் ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து, ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே.
* தண்டவாளத்தில் கரன்ட் ஓடிக்கொண்டே இருந்தால் ரிலே இயங்கும், வழி காலி.
* ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். ரிலேவுக்குக் கரன்ட் போகாது, சிக்னல் சிவப்பு.

பேட்டரி தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும் சிவப்புதான். கருவி பழுதானால் ரயில் லேட் ஆகும், உயிர் போகாது. இதைத்தான் 'ஃபெயில் சேஃப்' என்கிறோம்.

இன்றைக்கும் இது ஏன் முக்கியம்?

இந்திய ரயில்வேயிலும் டிராக் சர்க்யூட் உண்டு. ஆனால் சர்க்யூட்டை அமைப்பதும், மாற்றுவதும், சோதிப்பதும் மனிதர்கள்தான். 2023 ஜூன் 2-ல் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாலசோர் அருகே விபத்துக்குள்ளானது. சிக்னல் சர்க்யூட் மாற்றப் பணியில் நடந்த குறைபாடுகளே காரணம் என்றது ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணை.

அடுத்த முறை ரயில் சிவப்பில் நின்றால் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். சிக்னல் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கலாம்.