ஸ்பீக்கர் போதுமா... ஹப்பும் வாங்கணுமா?

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, ஈ.சி.ஆரில் புதுச்சேரி பக்கம் போனால் அனுமந்தை டோல்கேட் வரும். என் சித்தி வீடு அந்த ஊரில்தான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, மூட்டுவலி வேறு. ராத்திரி எழுந்தால் சுவரைத் தடவித்தான் சுவிட்சைத் தேட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு ‘எக்கோ டாட்’ ஸ்பீக்கர் அனுப்பிவைத்தான். பல்பு வாங்கப் போன கடையில், “ஹப் இல்லாம எதுவும் ஓடாதும்மா” என்று சொல்லிவிட்டார்களாம்.

“ஏம்மா, அந்தக் காசுக்கு ஒரு மாச மளிகை வாங்கிடலாமே... நிஜமாவே அது வேணுமா?” என்று போனில் கேட்டார் சித்தி.

வேண்டாம். ‘வைஃபை’ என்று அட்டையில் போட்டிருக்கும் பல்பும் பிளக்கும் வீட்டு ரவுட்டரோடு நேராகவே பேசிக்கொள்ளும். போனில் அந்தந்த ஆப்பைப் போட்டு, ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டால் போதும். ஒன்றே ஒன்று கவனியுங்கள்: இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். பல்பு ‘கனெக்ட்’ ஆகவில்லை என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஹப் எதற்கு என்றால், ‘ஜிக்பீ’ வகைப் பொருள்களுக்கு. அவற்றுக்கு வைஃபை தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க ஓர் ஆள் தேவை, அதுதான் ஹப். 2020-ல் வந்த நான்காம் தலைமுறை ‘எக்கோ’வில் அது உள்ளேயே இருக்கிறது. எக்கோ டாட்டில் இல்லை. அமேசான், கூகுள், ஆப்பிள், சாம்சங் எல்லாம் சேர்ந்து உருவாக்கிய ‘மேட்டர்’ என்ற பொது முறை 2022 அக்டோபரில் வந்தது. வைஃபையில் ஓடும் மேட்டர் பல்புக்கும் தனி ஹப் வேண்டாம், அந்த முறையை ஏற்கும் ஸ்பீக்கரே போதும்.

வீடு முழுக்க முப்பது, நாற்பது விளக்கு, கதவுக்கு ஒரு சென்சார், ஜன்னலுக்கு ஒன்று என்று போடுகிறவர்களுக்கு ஹப் லாபம்தான். ஜிக்பீ சென்சார் சின்ன பட்டன் பேட்டரியிலேயே மாதக்கணக்கில் ஓடும். ஹப்பில் பதிந்துவைத்த வேலைகள் பலவும் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் நடக்கும். சித்தி வீட்டில் இருப்பது இரண்டு அறை.

அனுமந்தை மாதிரி ஊரில் உண்மையான தலைவலி கரன்ட். நாம் பேசுவது பெரும்பாலும் இன்டர்நெட் வழியாக கம்பெனி சர்வருக்குப் போய்த்தான் திரும்புகிறது. சித்தி வீட்டில் லைட்டெல்லாம் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது, ரவுட்டர் மட்டும் இல்லை! கரன்ட் போனால் பல்பு எரியும், ஆனால் சொல்பேச்சு கேட்காது. ரவுட்டர், அதன் பக்கத்தில் உள்ள ஃபைபர் பெட்டி, ஸ்பீக்கர் மூன்றையும் இன்வெர்ட்டருக்கு மாற்றச் சொன்னேன். ஹப் விலையில் சின்னப் பங்குகூட ஆகவில்லை.

இன்னொரு சிக்கல் பழக்கம். படுக்கப் போகும்போது சித்தி கையோடு சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார். அப்புறம் எத்தனை முறை கூப்பிட்டாலும் பல்பு எப்படி எரியும்? சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவைத்தோம்.

தண்ணீர் மோட்டாரையும் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டலாமா என்று கேட்டார். கூடவே கூடாது. ஸ்டார்ட் ஆகும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரன்ட் இழுக்கும், சாதாரண பிளக் கருகிவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து ‘கான்டாக்டர்’ போட்டுத்தான் செய்ய வேண்டும். உப்புக்காற்றில் இரும்பே அரிக்கிற ஊர், வெளிச்சுவரில் எந்தப் பிளக்கும் வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன்.

பாத்ரூம் போகும் வழிக்கு ஸ்பீக்கர்கூடத் தேவைப்படவில்லை. ஆள் நடந்தால் தானாக எரியும் சாதாரண சென்சார் பல்பு, சில நூறு ரூபாய்தான். உண்மையைச் சொன்னால், சித்திக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்!

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அந்த மாதிரி நாளில் கேபிள் அறுந்தால் ஸ்பீக்கர் வாய் திறக்காது. அதனால் தலையணைக்குப் பக்கத்தில் பழைய டார்ச் லைட்டும் இருக்கிறது. பேட்டரி மாற்றியாயிற்று.