உங்களுக்குத் தெரியுமா? பாலம் தாண்டித் திரும்பினால் வசிப்புரிமை!
கனடாவுக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் வந்து தங்கியவர்களுக்கு நிரந்தர வசிப்புரிமை ஒப்புதலான பிறகும் கடைசியாக ஒரு படி இருந்தது: குடிவரவு அதிகாரி முன் நேரில் நின்று உறுதிச் சான்றில் கையெழுத்திடுவது. உள்ளூர் அலுவலக அழைப்புக்குக் காத்திராமல், டொரண்டோ பக்கம் இருந்தவர்கள் பலர் நயாகராவின் ரெயின்போ பாலம் வழியாக அமெரிக்க எல்லைக்குப் போய், உடனே திரும்பி இதை முடித்தார்கள். அமெரிக்க விசா இல்லாதவர்களும் போனதுண்டு. நுழைவு மறுக்கப்பட்டதற்கான தாளோடு கனடா அதிகாரியிடம் வருவார்கள். கொரோனாவுக்குப் பின் இந்தப் படி பெரும்பாலும் இணையத்துக்கு மாறியது. அலைச்சலை மிச்சப்படுத்திய நல்ல மாற்றம். வேலை, படிப்பு அனுமதிகளையும் இதேபோல் எல்லைக்குப் போய்த் திரும்பிப் பெறும் வழக்கம் இருந்தது; அதை 2024 டிசம்பர் 23 இரவோடு கனடா நிறுத்தியது. அமெரிக்கக் குடிமக்கள் உள்ளிட்ட சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு.