பழைய துணி ஏன் இருட்டை விரும்புகிறது?

மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கிறது செல்லூர். கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற பகுதி அது. தறியிலிருந்து இறங்கும் புதுத் துணியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஆனால் வயதான துணி ஒன்றை நின்று கவனித்துப் பார்த்ததுண்டா?

செல்லூரிலிருந்து அதிகத் தொலைவில்லை. தமுக்கம் மைதானத்தின் அருகே காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனையில் அமைந்த இந்த அருங்காட்சியகத்தை 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் நேரு திறந்து வைத்தார். 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தியடிகள் அணிந்திருந்த, இரத்தக்கறை படிந்த துணி இங்கே பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஏழை மக்களைப் போலத் தாமும் அரையாடை மட்டுமே உடுத்துவதென்று 1921 செப்டம்பரில் அவர் முடிவு செய்ததும் இதே மதுரையில்தான்.

அந்தத் துணிக்கு முன்னால் நிற்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. நம் வீட்டுத் துண்டு சில ஆண்டுகளில் நைந்து போகிறது. உடுத்தாமல், துவைக்காமல் பெட்டியில் வைத்த சேலைகூட ஒருநாள் மடிப்பில் விரிசல் விடுகிறது. சும்மா இருக்கும் துணிக்கு என்னதான் நேர்கிறது?

மண்ணுக்குள் மறைந்தவை

மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே நூல் நூற்றார்கள் என்பதற்கு அவை சாட்சி. கருவி தங்குகிறது, அதில் நூற்ற நூல் தங்குவதில்லை. நம் ஈரமான மண்ணில் நுண்ணுயிர்கள் பருத்தியைத் தின்று தீர்த்துவிடுகின்றன.

ஆனால் எகிப்தின் வறண்ட மணலில், பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில், குஜராத்திலிருந்து சென்ற அச்சுத் துணிகளின் துண்டுகள் பல நூற்றாண்டுகள் கழித்தும் கிடைத்தன. மொகஞ்சதாரோவிலும் ஒரு வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டியிருந்த பருத்தித் துணி தப்பிப் பிழைத்தது. உலோக உப்புகள் நுண்ணுயிர்களை அண்டவிடாததே அதற்குக் காரணம். ஆக, துணியின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது அது இருக்கும் சூழ்நிலை.

ஒளி என்னும் கத்தரி

பருத்தி இழை செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் சங்கிலிபோலக் கோத்த நீண்ட மூலக்கூறு அது. சங்கிலி நீளமாக இருக்கும்வரை இழை உறுதியாக இருக்கும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து இந்தச் சங்கிலியை ஆங்காங்கே வெட்டுகின்றன. துணி மஞ்சளிக்கிறது, வலுவிழக்கிறது. சாயத்தின் மூலக்கூறுகளும் சிதைவதால் நிறம் வெளுக்கிறது. வண்ணத் துணியை நிழலில் உலர்த்தச் சொல்வது இதனால்தான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒளியின் செறிவை 'லக்ஸ்' என்ற அலகால் அளக்கிறார்கள். பழந்துணிகளின் மீது 50 லக்ஸுக்கு மேல் ஒளி விழக்கூடாது என்பது அருங்காட்சியகங்களில் பின்பற்றப்படும் விதி. நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் காட்சிக்கு வைத்தால், 50 × 8 × 300 = 1,20,000 லக்ஸ்-மணி. உச்சி வெயிலின் செறிவோ ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அதாவது, அருங்காட்சியகத்தில் ஓர் ஆண்டு முழுவதும் விழும் ஒளியை நம் மொட்டைமாடி வெயில் 72 நிமிடங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது! துணிக் காட்சிக்கூடங்கள் மங்கலாக இருப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

கறுப்புக்கு ஏன் முதலில் சாவு?

17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து சித்திரத் துணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. அங்கே அவற்றைக் கட்டில் விரிப்பாகவும், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைப் போர்வையாகவும் பயன்படுத்தினார்கள். அந்த மோகம் தம் தொழிலைக் கெடுக்கிறதென்று உள்ளூர் நெசவாளர்கள் எதிர்க்கவே, அச்சிட்ட பருத்தித் துணிகளைப் பயன்படுத்துவதற்கு இங்கிலாந்து 1721இல் தடைச் சட்டம் போட்டது. 1774இல்தான் அது விலக்கப்பட்டது. அந்நாளைய விரிப்புகளும் போர்வைகளும் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இத்தகைய பழந்துணிகளில் ஒரு விந்தை உண்டு. படிகாரமும் சாயவேரும் தந்த சிவப்பு, இழை கெடாமல் நிற்கும். கறுப்புக் கோடுகள் மட்டும் பொடிந்து உதிர்ந்திருக்கும். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் ஊறவைத்துப் புளித்த கரைசலும், கடுக்காயிலுள்ள டானினும் சேர்ந்ததே அந்தக் கறுப்பு. இரும்பு ஒரு வினையூக்கி. செல்லுலோஸ் ஆக்ஸிஜனோடு வினைபுரிவதை அது விரைவுபடுத்துகிறது. அமெரிக்காவின் 19ஆம் நூற்றாண்டு ஒட்டுத்துணிப் போர்வைகளில் பழுப்புத் துண்டுகள் முதலில் நைந்துபோவதும் இதே காரணத்தால்தான்.

உங்கள் வீட்டுப் பெட்டியில்

பழைய சேலைகளை அடுக்கடுக்காக வைத்துப் பாட்டி தைத்த விரிப்பு உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நீங்கள் குழந்தையாக இருந்தபோது அதில் படுத்துறங்கியிருப்பீர்கள். அடுக்குகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால்தான் அது கதகதப்பாக இருந்தது. அதை எந்த அருங்காட்சியகமும் கேட்டு வரப்போவதில்லை. நீங்கள்தான் காக்க வேண்டும்.

வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கஞ்சி போட்டு வைக்காதீர்கள். வெள்ளிப்பூச்சிக்கு மாவுச்சத்து விருந்து. பலமுறை துவைத்த பழைய வேட்டியில் சுற்றி வைப்பது நல்லது. மடித்தால் மடிப்பில் இழை முறியும், உருளையாகச் சுருட்டுங்கள். மடித்தே ஆகவேண்டுமென்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

செய்து பாருங்கள்: ஒரே வண்ணத் துணியில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றைப் புத்தகத்துக்குள் வையுங்கள். மற்றதன் பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் வையுங்கள். ஒரு மாதம் கழித்து மூன்று நிறங்களையும் ஒப்பிடுங்கள்.

கூடவே இன்னொரு வேலையும் உண்டு. அந்த விரிப்பில் எந்தச் சேலை யாருடையது, எந்த ஊரில் வாங்கியது, யார் தைத்தது என்று பாட்டியிடம் கேட்டு ஓர் அட்டையில் எழுதி, விரிப்போடு வையுங்கள். நூலைக் காக்க இருட்டும் உலர்ந்த காற்றும் போதும். அந்தச் செய்தியைக் காக்க, பாட்டி இருக்கும்போதே நீங்கள் கேட்டாக வேண்டும்.